கப்பலுக்குப் பயந்த சென்டர் ஃபார்வர்ட்

நான் பெரிய தைரியசாலி என்று ஒரு காலத்தில் புதுச்சேரியே நம்பிக்கொண்டிருந்தது. மில் டீமுக்கு நான் சென்டர் ஃபார்வர்ட். எதிரணியில் தடுத்து ஆடுகிற பேக்குகள் எருமை மாதிரி இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்து வருவார்கள். நடுவில் வெறுங்காலோடு புகுந்து, பந்தை வலைக்குள் தள்ளிவிட்டுத் திரும்புவேன். 'அவனுக்குப் பயம்னா இன்னான்னே தெரியாது' என்று டீக்கடையில் என் காதுபடவே பேசுவார்கள். நான் டீயைக் குடித்து முடிக்காமல் எழுந்து போய்விடுவேன்.

உண்மையில் அந்த டீமில் என்னைவிடப் பயந்தாங்கொள்ளி ஒருவனும் இல்லை. பந்து என் காலுக்கு வந்ததும் மைதானத்தில் இருக்கிற அத்தனை கண்களும் என்மேல் விழும். அதை என்னால் தாங்க முடியாது. யாராவது என்னை உற்றுப் பார்த்து, இவன் யார், எங்கிருந்து வந்தவன் என்று யோசிப்பதற்குள் பந்தை எங்கேயாவது தள்ளிவிட வேண்டும். எதிரே கோல் போஸ்ட் இருந்தது, அங்கே தள்ளினேன். என் ஆட்டத்தின் ரகசியம் அவ்வளவுதான். இதைச் சொன்னால் ஏதோ தன்னடக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் புதுச்சேரியில் பிறந்தவன் இல்லை. அப்பா முதலியார்பேட்டைக்காரர். சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பசிபிக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த ஒரு தீவுக்குப் போனவர், பட்டாளம் முடிந்தும் ஊர் திரும்பவில்லை. அந்தத் தீவுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அவர்களுக்குப் பிறந்தவன் நான். நிறம் அப்பாவுடையது, அதனால் இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முடிதான் அம்மாவுடையது. சீப்பு உள்ளே போகாத, தலையோடு ஒட்டி இறுகிச் சுருண்ட முடி. பந்து உதைக்க அம்மாவின் தம்பிகள்தான் கற்றுக்கொடுத்தார்கள். கடற்கரை மணலில் அவர்கள் உதைக்கிற வேகத்தில் பந்து என் மூக்கில் பட்டு ரத்தம் வரும். மாமன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அம்மா காய்ச்சலில் இறந்துபோனதும் அப்பாவுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். வழியில் அவருக்கும் உடம்புக்கு முடியாமல் போயிற்று. அந்தக் கப்பலில் ஒரு கிழவர் இறந்துபோனார். அவரைக் கித்தான் துணியில் வைத்துத் தைத்து, பலகையில் கிடத்தி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடலுக்குள் சரித்தார்கள். தண்ணீர் தெறிக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. கப்பல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அடுத்து அப்பாதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை அவர் சட்டையைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. அப்பா ஊர் வந்து தன் அக்காள் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத்தான் இறந்தார். ஆனால் கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஈரக்குலை நடுங்க ஆரம்பித்தது அந்தப் பயணத்தில்தான்.

அப்பாவின் அக்காள், என் அத்தை, மில்லில் ரீலிங் பிரிவில் நூல் சுற்றுகிறவள். கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. வாய் மட்டும் ஒரு தெருவுக்குப் போதுமான அளவு இருந்தது. எனக்குத் தமிழ் அரைகுறை. சோறு என்பதைக்கூடப் பிரெஞ்சில்தான் கேட்பேன். அவள் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு, தமிழில் கேட்டால்தான் வைப்பாள். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். எனக்குச் சோறு போட்டவள், மொழி கொடுத்தவள், இந்தக் கதையில் என்னை நடுங்க வைத்தவள், மூன்றும் அவள்தான்.

எனக்கு மீசை அரும்பியிருந்த சமயம், பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். கொடி இறங்குவதற்கு முன்னாலிருந்தே ஊரில் பேச்சு தாறுமாறாக இருந்தது. வெள்ளைக்காரப் போலீசின் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு படகேறிக் கப்பலுக்குப் போனதை நானே பார்த்தேன். ஒருநாள் அத்தை மில்லிலிருந்து வந்ததும் கதவைச் சாத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"வெளிய பொறந்தவங்கள எல்லாம் கணக்கெடுத்துக் கப்பல்ல ஏத்தப் போறாங்களாம். ரீலிங்ல எல்லாம் அதே பேச்சு" என்றாள்.

"நான் இங்க அப்பாவோட வந்தவன்தானே?"

"ஒங்கப்பன் எங்கடா இருக்கான் வந்து சொல்ல? ஒன் மண்டையப் பாத்தா ஊரு பேரு கேக்கவே வாணாம்."

அவள் சொன்னது சரி. முன்பு ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பார்த்திருந்த ஊர் அது. சுருட்டை முடி என்றால் தெருப் பிள்ளைகள் 'காப்பிரி, காப்பிரி' என்று பின்னாலேயே ஓடிவரும். அன்று சாயங்காலமே அத்தை என்னை நாவிதரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மொட்டை. காரணம் கேட்ட நாவிதரிடம், "வேண்டுதல்" என்று ஒரே வார்த்தை. அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். நம் ஊரில் மொட்டை அடித்தவனை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அது அவனுக்கும் சாமிக்கும் நடுவில் இருக்கிற சமாச்சாரம். இவ்வளவு பத்திரமான ஒளிவிடம் உலகத்தில் வேறெங்கே கிடைக்கும் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை உள்ளங்கையால் என் தலையைப் பின்னாலிருந்து முன்னால் தடவிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் கை நின்றது. "இங்க கொஞ்சம் விட்டுட்டான் பாரு" என்று சொல்லி, என்னைத் திரும்பவும் நாவிதரிடம் கூட்டிப் போனாள்.

அதுமுதல் முடி தலைகாட்டும்போதெல்லாம் மொட்டைதான். பிரெஞ்சு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. கடற்கரைப் பக்கம் போகக் கூடாது. கொடி மாறிவிட்டதே, இனி என்ன என்று கேட்டால், "இன்னும் கையெழுத்து ஆவலியாம்டா. எப்ப வேணா திரும்பி வருவாங்க" என்பாள். அது பொய்யில்லை. ஊரில் எல்லாருமே அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், இந்த ஊர் இப்போது யாருடையது என்று நிச்சயமாகத் தெரியாமலே. மற்றவர்கள் அதைப் பேசிவிட்டுத் தூங்கப் போனார்கள். நான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்தேன்.

இவ்வளவு பயந்தவன் எப்படி மைதானத்துக்குப் போனான் என்று கேட்பீர்கள். அத்தைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போயிருந்தேன். பக்கத்துப் பொட்டலில் டீம் பழகிக்கொண்டிருந்தது. பந்து உருண்டு என்னிடம் வந்தது. திருப்பி உதைத்தேன், மாமன்கள் கற்றுக்கொடுத்த மாதிரி. அது கோல் காத்துக்கொண்டிருந்த கோலியையும் தாண்டி மில் சுவரில் மோதித் திரும்பி வந்தது. நெசவுப் பிரிவு மேஸ்திரிதான் டீமைப் பார்த்துக்கொண்டவர், வெற்றிலை வாயும் பெரிய வயிறுமாக. அவர் சாப்பாட்டுத் தூக்கை என் கையிலிருந்து வாங்கி யாரிடமோ கொடுத்துவிட்டு, "மொட்ட, இன்னொரு வாட்டி ஒதைடா" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஊரில் மொட்டை என்றுதான் பெயர். நான் டீமில் ஆட அத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஊர் பார்க்க ஆடுவதா? மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். விஷயத்தை அரைகுறையாக அவரிடம் சொல்லி அழுதாள். அவர் சிரித்தார். "மில்லுக்குக் கோலு போடறவன மில்லு வுட்டுக்குடுக்குமா? கோலு போடற வரைக்கும் எவனும் இவனக் கப்பல் ஏத்த மாட்டான். நான் இருக்கேன்."

அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பார். டீமில் சேர்த்து மில்லில் வேலையும் வாங்கிக்கொடுத்தவர், இதை வாசலைத் தாண்டியதுமே மறந்திருப்பார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கோல் போட்டால் இருக்கலாம், போடாவிட்டால் கப்பல். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சிரித்துக்கொண்டே வருவார்கள். எனக்கு வெள்ளிக்கிழமையே தூக்கம் போய்விடும். கோல் விழாத ஆட்டத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகாமல் மில் கழிவறையில் போய் நிற்பேன். சங்கு ஊதி ஷிப்ட் மாறி ஆட்கள் கும்பலாக வெளியே வரும்போது அவர்களோடு கலந்து நடப்பேன். தனியாகப் போனால்தானே பிடிப்பார்கள்? இதில் நான் நிறையக் கோல் போட்டேன் என்பதுதான் வேடிக்கை. லீக்கில் என் பெயர் பரவியது. எனக்கோ பெயர் பரவப் பரவப் பயமும் ஏறியது.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரர் மைதானத்துக்கு வர ஆரம்பித்தார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் என்று பிறகு தெரிந்தது. ஊர் மாறியும் போகாமல் தங்கிவிட்ட சில பேரில் ஒருவர். வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி கோட்டின் ஓரத்தில் நிற்பார். ஆட்டத்தைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். நான் இடது பக்கம் ஓடினால் தொப்பியும் இடது பக்கம் திரும்பும். எத்தனை பேக்குகள் என்னைச் சுற்றி நின்றாலும் என் கண் அந்தத் தொப்பியைத் தேடிக்கொண்டுதான் இருக்கும். 'பையன் மைதானத்தயே கண்ணுல அளந்து வச்சிருக்கான்' என்று மேஸ்திரி பெருமைப்பட்டார்.

ஒரு வருஷம் லீக்கின் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் யாருக்கு அந்த யோசனை வந்ததோ தெரியவில்லை. மொட்டை அடித்தால்தான் கோல் விழுகிறது, இது ஏதோ சக்தி வாய்ந்த வேண்டுதல் என்று நெசவுப் பிரிவு முழுவதும் கதை பரவிவிட்டது. ஆட்டத்தன்று நான் மைதானத்துக்குள் நுழைந்தேன். மில் ஆட்கள் நிற்கிற பக்கம் பார்த்தால் ஒரே மொட்டை. கோட்டோரம் முழுக்க வெயிலில் பளபளவென்று புதுத் தலைகள். நூற்பு, நெசவு, சாயம், எந்தப் பிரிவையும் விட்டுவைக்கவில்லை. மேஸ்திரிகூட அடித்திருந்தார். அந்த வெற்றிலை வாயும் மொட்டைத் தலையுமாக அவரைப் பார்த்தபோது, அவ்வளவு நடுக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மழை பெய்து பந்து ஊறியிருந்தது. தோல் பந்து ஊறிவிட்டால் கல் மாதிரி. அதன் லேஸ் முடிச்சு மொட்டைத் தலையில் பட்டால் கிழித்துவிடும். கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டினேன். நெற்றியில் ரத்தம் வழிய, பந்து உள்ளே போய்விட்டது. சத்தம் அடங்கவில்லை. விசில் ஊதியதும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். தொப்பிக்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு என்னை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தார். கையை வேறு ஆட்டினார்.

ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் பந்தோடு ஒருநாளும் ஓடியதில்லை. மில் கும்பலுக்குள் பாய்ந்தேன். மேஸ்திரியின் வயிற்றுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். வெள்ளைக்காரர் கும்பலுக்கு நடுவில் திண்டாடிக்கொண்டிருந்தார். ஒரு மொட்டையின் தோளைத் தொட்டுத் திருப்புகிறார், நான் இல்லை. இன்னொன்றைத் திருப்புகிறார், அதுவும் இல்லை. தொட்டவனெல்லாம் கோல் சந்தோஷத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினான். நான் குனிந்தபடியே சந்துக்குள் நுழைந்து வீடு போய்ச் சேர்ந்தேன். அத்தை என் நெற்றி ரத்தத்தைப் பார்த்துக் கத்தினாள். நான் "வந்துட்டாங்க அத்த, வந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் நான் ஷிப்டிலிருந்து திரும்பியபோது அத்தை அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை.

"அந்தத் தொப்பிக்காரன் ஊட்டுக்கே வந்துட்டான்" என்றாள்.

"இன்னா கேட்டான்?"

"ஒன்னத்தான் கேட்டான். கப்பல்ல ஏத்தணுமாம்."

சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். அவன் மறுபடியும் வருவான் என்றும், ஊரில் இல்லை என்று தான் சொல்லிவிட்டதாகவும் அத்தை சொன்னாள். அன்றே என்னைத் தவளக்குப்பத்தில் அவள் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் கிடந்தேன். கடலூர் ரோட்டில் எந்த வண்டி நின்றாலும் பின்பக்க வேலியைப் பார்ப்பேன், எங்கே தாண்டலாம் என்று. கண்ணை மூடினால் கித்தான் துணியில் என்னை வைத்துத் தைப்பார்கள். பெரிய ஆள், மீசைக்காரன், ஊரே கொண்டாடுகிற சென்டர் ஃபார்வர்ட், வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

பிறகு மேஸ்திரி ஆள் அனுப்பி என்னைப் பிடித்து இழுத்துவந்தார். வேலை போய்விடும் என்று மிரட்டினார். திரும்பவும் ஆடினேன். தொப்பிக்காரர் இன்னும் சில ஆட்டங்களுக்கு வந்தார். நான் கும்பலோடு வந்து கும்பலோடு போவதைப் பார்த்தார். பிறகு வரவில்லை. வராததும் பயமாகத்தான் இருந்தது. எங்கிருந்து பார்க்கிறாரோ?

என் ஆட்டம் முடிந்தது பிள்ளைச்சாவடிப் பையன்களோடு ஆடிய ஒரு சாதாரண ஆட்டத்தில். கப்பும் கிடையாது, கூட்டமும் கிடையாது. பந்து என் காலில். எதிரே கோலி மட்டும். நிமிர்ந்தேன். கோல் போஸ்டுக்குப் பின்னால் கூட்டத்தில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. தொப்பி! கோலியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் கோலி முழு வேகத்தில் என் காலில் வந்து விழுந்தான். முட்டியில் பச்சைக் கம்பு முறிகிற சத்தம் கேட்டது. கீழே கிடந்தபடி மறுபடி பார்த்தேன். தலையில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு வேர்க்கடலை விற்கிற ஆள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க ஓடிவந்தான்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். காலை அசைக்க முடியாது. அத்தை எவ்வளவோ கெஞ்சியும் நாவிதரை உள்ளே விடவில்லை. முடி வளர்ந்தது. நான் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு கிடந்தேன். மேஸ்திரியும் டீம் ஆட்களும் ஒருநாள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். மேஸ்திரி போர்வையை உருவிவிட்டார். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன்.

"இன்னாடா பொண்ணு மாதிரி மூடிக்கிற?" என்றார்.

"முடி..."

"முடிக்கு இன்னா? ஒங்கப்பன் கையப் புடிச்சிக்கினு வந்தப்பவே இந்த மண்டையப் பாத்துக்கினுதான இருந்தோம். இப்ப புச்சா வந்து பாக்கறமாதிரி!" எல்லாரும் சிரித்தார்கள். வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரை இறக்குவது என்று என் கட்டிலைச் சுற்றி நின்றே சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். தெரிந்திருக்கிறது. மொத்த மில்லுக்கும் தெரிந்திருக்கிறது. யாரிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தேன் என்று அன்று யோசிக்கத் தொடங்கினேன். பதில் அடுத்த வாரமே வந்தது, வெள்ளைத் தொப்பியோடு.

ஊரை இந்தியாவிடம் முழுசாக ஒப்படைக்கிற வேலை ஒருவழியாக முடிந்துகொண்டிருந்த வருஷம் அது. தொப்பிக்காரர் ஊரைவிட்டுப் போகிறாராம். வார்டில் யாரிடமோ விடைபெற வந்தவர், என் கட்டிலைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தார். முடியைப் பார்த்தார். நெற்றித் தழும்பைப் பார்த்தார். ஓட முடியாது. கால் மேலே கட்டியிருந்தது. "மிசே, என்னைக் கப்பலில் ஏற்றிவிடாதீர்கள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். அத்தனை வருஷமாகப் பூட்டிவைத்திருந்த பாஷை, அம்மாவின் வீட்டு உச்சரிப்போடு, தானாக வெளியே வந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிரான்சில் அவர் ஊர் டீமுக்கு என்னைக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தாராம். அவர்களிடம் பேசி, ஒப்புக்கொள்ளவைத்து, கப்பலுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அன்று மைதானத்தில் என்னிடம் ஓடிவந்தாராம். "உங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தேன் தெரியுமா? எனக்குத் தெரிந்த தமிழில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உனக்கு விருப்பம் இல்லை, ஊரைவிட்டே போய்விட்டாய் என்றார்." என் மாவுக்கட்டை ஒருமுறை பார்த்தார். முட்டி எப்படி என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு எழுந்துபோனார்.

கோபம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. டீம் ஆட்கள் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று, கதவைச் சாத்துவதற்கு முன்பே, தொப்பிக்காரர் அத்தனை தடவை வந்தாரா என்று கேட்டேன். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஆமா. வந்தான்."

"ஆட்டத்துக்குக் கூப்புட்டான்னு ஏன் சொல்லல?"

"கப்பல்ல ஏத்தறேன்னான். அதத்தான ஒங்கிட்ட சொன்னேன்? நான் இன்னா பொய்யா சொன்னேன்?"

"எட்டு வருஷமா என்னப் பயமுறுத்தியே வச்சிருந்தியே அத்த. ஒருத்தனும் என்னத் தேடலன்னு ஒனக்குத் தெரியும்தான?"

அவள் கை நின்றது. "மொத வருஷம் எனக்கும் பயம்தான்டா. அப்புறம் ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிப்போச்சி. தெரிஞ்சப்புறம் வேற பயம் வந்துடுச்சி. கண்ணாடில அந்த முடியப் பாத்தா ஒங்கம்மா நெனப்பு வரும், போயிடுவ. எனக்கு யாரு இருக்கா?"

நான் கத்தினேன். பக்கத்து வீடுகளில் விளக்கைக் குறைத்துக் கேட்டிருப்பார்கள். கத்தி முடித்தபிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. வைத்த சோற்றைத் தின்றேன். முடி வளர்த்தேன். தடியை ஊன்றிக்கொண்டு, இத்தனை வருஷம் போகாத கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். தூரத்தில் கப்பல் நின்றால் கண்கொட்டாமல் பார்த்தேன். இப்போது நானாகவே ஏறினாலும் எந்த டீமுக்கும் நான் வேண்டாம், அந்த முட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஆனால் அத்தைக்கு அது தெரியாது. நான் கடற்கரைக்குக் கிளம்பினாலே வாசல்வரை வந்து நிற்பாள். வர நேரமானால் தெருமுனைக்கு வந்துவிடுவாள். செருப்புச் சத்தத்துக்கு எழுந்து உட்காருகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். எனக்கு அதில் ஒரு குரூரமான திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் காலையில் சொல்லாமல் கிளம்பி நாவிதரிடம் போனேன். ஓரத்தில் கொஞ்சம் திருத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அதில் என் கடைசி மாமன் இருந்தான், பந்து மூக்கில் பட்டதற்குச் சிரித்தவன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாவிதருக்கு அலுத்துவிட்டது. "வழக்கம்போலவா?" என்றார். எத்தனையோ மொட்டை அடித்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றும் நடுங்கிக்கொண்டே. பயமில்லாமல் ஒருமுறை அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "ஆமா" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடந்தது, அத்தை இல்லை. கடலில் கப்பல் வந்து நிற்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினாள் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். தடியை ஊன்றி ஊன்றி, முட்டி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அத்தை முழங்கால் தண்ணீரில் நின்றாள். கிளம்புகிற ஒவ்வொரு படகையும் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். சுருட்டை முடியைத்தான் தேடினாள். படகுக்காரர்கள் திட்டினார்கள். புடவை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருஷம் என் முகம் அப்படித்தான் இருந்தது. அவளை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இந்த வயதிலும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அத்த" என்றேன்.

திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள். தண்ணீரிலிருந்து மெதுவாக ஏறி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். ஈரக் கையால் என் தலையைப் பின்னாலிருந்து முன்னால் தடவினாள். காதுக்குப் பின்னால் கை நின்றது.

"இங்க கொஞ்சம் விட்டுட்டான் பாரு" என்றாள்.